மாடிக்கு ஒயரா, வைஃபையா?

இணையம் கொண்டுவரும் ஃபைபர் வீட்டுக்குள் எந்த இடத்தில் நுழைகிறதோ, அதே சுவரில் வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார் இணைப்புக் கொடுக்க வந்தவர். அவருக்கு அதுதான் வேலை குறைவு. பெரும்பாலும் அது வாசல் பக்கம். வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு பாதி அலையைத் தெருவுக்கு இறைக்கும் அந்தப் பெட்டி; மாடியில் பின்பக்க அறையில் வீடியோ அழைப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம் இரண்டு. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குவது ஒன்று, எட்டு ஆன்டெனா முளைத்த ரூட்டரை வாங்குவது இன்னொன்று. இரண்டிலும் காசு போகும். பின்னறை அப்படியேதான் இருக்கும்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது நம் ஊர்களில் பரவலாக உள்ள கீழ்த்தளம், மேல்மாடி வீட்டை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அறைகளுக்கு நடுவே நாலரை அங்குலச் சுவர், மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ‘ஒரே ரூட்டர் 2000 சதுர அடிக்குப் போதும்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு இந்தச் சுவர்களைப் பார்த்துப் போட்டதல்ல. மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாக உள்ள வீட்டில் அது ஓரளவு சரிவரலாம்.

‘ஒயரா, வைஃபையா’ என்று முழு வீட்டுக்கும் ஒரே பதில் தேடுவதில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. இடம் மாறாத சாதனம் எது, கையோடு அலையும் சாதனம் எது என்று பிரித்துவிட்டால் முக்கால் பங்கு முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால், லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் நேரடியாகப் பெட்டியில் செருகி வேகம் பாருங்கள். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 190க்குப் பக்கத்தில் காட்டினால் வெளியிலிருந்து வருவது சரி, குறை வீட்டுக்குள்தான். எத்தனை முறை பார்த்தாலும் 94ஐத் தாண்ட மறுத்தால் வழியில் எங்கோ ஓரிடம் 100 எம்பிபிஎஸோடு நிறுத்துகிறது என்று பொருள். அது லேப்டாப்பில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், பெட்டியிலேயே இருக்கலாம். மலிவான ஓஎன்டி பெட்டிகளில் (ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு அதுதான் பெயர்) நான்கு லேன் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் வாயில், ஒன்று மட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்ற மூன்றும் 100 என்று இருப்பது சகஜம். எது கிகாபிட் என்று பெட்டியின் முதுகில் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து, ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு அறை அறையாக நடங்கள். சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் கழித்தல் குறியோடு வரும். -50 என்றால் பிரமாதம். -67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். -75க்குக் கீழே போனால் வாட்ஸப் செய்தி போகும், அழைப்பு இழுக்கும். -80க்கும் கீழே என்றால் இணைந்திருப்பதாகப் போன் காட்டுவது மரியாதைக்குத்தான். இதில் 3 குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஹாலில் -45, மாடிப் பின்னறையில் -78 என்று வந்தால் திட்டத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அங்கே மாற்றம் வராது.

மூன்றாவது, பெட்டிக்கே பிங் அனுப்பி, அதாவது ஒரு சிறு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. முகவரி பல வீடுகளில் 192.168.1.1. ஒயரில் ஒவ்வொரு பதிலும் 1 மில்லிசெகண்டுக்குள் வரும், அடுத்தடுத்து அப்படியே வரும். வைஃபையில் 3, 5, 4 என்று போய்க்கொண்டிருந்து திடீரென்று 180 என்று குதிக்கும். வீடியோ அழைப்பில் குரல் உடைவது பெரும்பாலும் அந்தக் குதிப்பில்தான். அழைப்புக்குத் தேவையான வேகம் சில எம்பிபிஎஸ்தான். அது தட்டுத் தடங்கலின்றி வந்துகொண்டிருக்க வேண்டும்.

வைஃபை எங்கே தடுமாறுகிறது

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும், ஆனால் இடம் குறுகல். அந்த இடத்தைப் பிரித்த பாதைகளான சேனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பதினைந்து பேர் அந்த மூன்றில் முண்டியடிப்பார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே பக்கம்தான் சத்தம் போடுகின்றன. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தால்கூட 2.4 சிக்னல் தடுமாறும். பலர் சந்தேகப்படாத இடம் இது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் மிரளும். இரண்டு செங்கல் சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் குறுக்கே வந்தால் பெரும்பாலும் அவ்வளவுதான்.

பெட்டியில் ‘ஏஎக்ஸ்1500’, ‘ஏசி1200’ என்று போட்டிருப்பது இரண்டு அலைவரிசைகளின் உச்சத்தைக் கூட்டிச் சொன்னது. ஏசி1200 என்றால் 2.4ல் 300, 5ல் 867. இரண்டு ஆன்டெனா உள்ள போன் அந்த 867ல் இணைந்து, அதே அறையில் நின்றாலும் கைக்கு வருவது 500, 600தான். காரணம், வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அனுப்புவதும் பெறுவதும் மாறி மாறி நடக்கும், வீட்டிலுள்ள எல்லாச் சாதனமும் அந்த ஒரே வரிசையில் நிற்கும். தூரத்து அறையில் பலவீனமான சிக்னலோடு தொங்கும் ஒரு பழைய போன் தன் சிறு வேலைக்கே நெடுநேரம் பேசும். அதுவரை ரூட்டர் பக்கத்தில் இருக்கும் புது லேப்டாப்பும் காத்திருக்கும்.

கிகாபிட் ஒயரில் இந்த வரிசை இல்லை. போக வர ஒரே நேரத்தில் நடக்கும். 1000 என்று எழுதியிருந்தால் 940 கிடைக்கும். நள்ளிரவிலும் அதுதான், பக்கத்து வீட்டில் புது ரூட்டர் வந்தாலும் அதுதான்.

எதை ஒயரில் போடுவது

மேசைக் கணினி, வீட்டிலிருந்து வேலை செய்யும் மேசை, கேம் கன்சோல், கேமரா பதிவுப் பெட்டி, டிவி. இவை இடம் மாறாதவை. இவற்றை ஒயருக்கு மாற்றினால் காற்றில் உள்ள நெரிசல் குறைந்து, மிச்சமுள்ள போன்களுக்கும் வைஃபை நன்றாக வரும். ஒயர் போடுவதன் பாதிப் பலன் ஒயர் இல்லாதவற்றுக்குத்தான் போகிறது.

டிவியில் மட்டும் ஒரு குழப்பம் வரும். 4கே டிவியாக இருந்தாலும் பலவற்றில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதனால் வேகச் சோதனையில் ஒயரில் 94ம் 5 கிகாஹெர்ட்ஸில் 200ம் காட்டும். ஒயர் மோசம் என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 94 நிலையாக வருவது போதும், செருகியே வையுங்கள்.

லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லாவிட்டால் யூஎஸ்பி 3.0 கிகாபிட் அடாப்டர் வாங்குங்கள். கடையில் மிக மலிவாகத் தொங்குவது பெரும்பாலும் யூஎஸ்பி 2.0, 100 எம்பிபிஎஸ் வகை. பிரிண்டருக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

கேபிள் வாங்குவதும் இழுப்பதும்

1 கிகாபிட்டுக்கு கேட்5இ ரக லேன் கேபிள் போதும், 100 மீட்டர் வரை போகும். ஆனாலும் சுவருக்குள் போவதென்றால் கேட்6 போடுங்கள். கேபிளின் விலை வித்தியாசத்தைவிட மறுபடி சுவர் வெட்டும் கூலி அதிகம். கேட்6 ஒயரில் 10 கிகாபிட்டும் 55 மீட்டர் வரை போகும் என்பதால் சாதாரண வீட்டுக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ‘கேட்7’, ‘கேட்8’ என்று எழுதிய பட்டைக் கேபிளை நம்பிச் சுவருக்குள் விடாதீர்கள். கதவிடுக்கில் இரண்டு மூன்று மீட்டர் போகவேண்டிய இடத்துக்கு அது சரி.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிசிஏ எனப்படும், அலுமினியக் கம்பிக்கு மேல் தாமிரம் பூசிய கேபிள். பார்வைக்குத் தாமிரம் போலவே இருக்கும். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். நான்கைந்து முறை மடக்கினால் ஒடிந்து கையோடு வரும். ஒரே நீளத் தாமிரக் கேபிளைவிட எடை குறைவு. மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். முதல் நாள் வேலை செய்யும். முனையில் அசைந்து அசைந்து ஆறு மாதத்தில் ஒரு கம்பி ஒடியும், அல்லது அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடாகும், கேமரா இரவு விளக்கு எரியும்போது அணைந்து அணைந்து வரும். மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கீழ் வாசலிலிருந்து மாடிப் பின்னறைக்கு நேர்க்கோட்டில் 8 மீட்டர் இருக்கும். சுவரோடு ஏறி, படிக்கட்டு ஓரம் வளைந்து, கதவுநிலையைச் சுற்றி இறங்கினால் 18 மீட்டர் ஆகும். இரு முனையிலும் ஒவ்வொரு மீட்டர் மிச்சம் வையுங்கள். 25 மீட்டர் வாங்கினால் கவலையில்லை.

பழைய வீட்டில் வழி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது கேபிள் டிவி ஒயர் போன பைப். பல வீடுகளில் அது இப்போது சும்மா கிடக்கிறது. பழைய ஒயரின் முனையில் லேன் கேபிளைச் சேர்த்து, இன்சுலேஷன் டேப்பை நீளவாக்கில் கூர்மையாகச் சுற்றி, ஒருவர் மேலே இழுக்க இன்னொருவர் கீழே தள்ளிக் கொடுத்தால் சுவரைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். அது இல்லையென்றால் படிக்கட்டுச் சுவர் வழியாகக் கேசிங் கேப்பிங் (சுவர்மேல் ஒட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை). கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் விடாதீர்கள். இரைச்சல் ஏறும் என்பது சின்னக் காரணம். 230 வோல்ட் ஒயரின் தோல் உரிந்தால் அது லேன் கேபிள் வழியாக உங்கள் கைக்கு வரும் என்பதுதான் பெரிய காரணம். பக்கத்தில் ஓடவேண்டி வந்தால் அரை அடியாவது தள்ளி, குறுக்கே கடக்கவேண்டி வந்தால் செங்குத்தாக.

முனை போடுவதில்தான் பெரும்பாலான கோளாறு. வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. ஜோடியின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. மேல்தோல் ஆர்ஜே45 எனப்படும் பிளாஸ்டிக் முனைக்குள் நுழைந்து கவ்வப்பட வேண்டும், வெளியே வண்ணக் கம்பிகள் தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். சுவருக்குள் ஓடும் ஒற்றைக்கம்பிக் கேபிளுக்கு நேரடியாக ஆர்ஜே45 அடிப்பதைவிட, சுவர்ப் பெட்டியில் கீஸ்டோன் ஜாக் (லேன் கேபிள் செருகும் வாய்) வைத்து, அங்கிருந்து கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் பேட்ச் கார்டு (இரு முனையும் போட்ட குட்டிக் கேபிள்) போடுவது நீடிக்கும். அசைவதெல்லாம் பேட்ச் கார்டிலேயே நடக்கும். உடைந்தாலும் அதைத்தான் மாற்ற வேண்டும்.

இங்கே வரும் இரண்டு கோளாறுகள் ஆளைச் சுற்றவிடும். கேபிள் வேலை செய்யும், ஆனால் 100ல் நின்றுவிடும். 100 எம்பிபிஎஸுக்கு அந்த வரிசையில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒன்று சரியாகக் கடிபடாவிட்டால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இரண்டாவது இன்னும் மோசம்: முனை போட்டவர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக வரிசையாய் வைத்து இரு முனையிலும் ஒரே மாதிரி அடித்திருப்பார். மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் 3ம் 6ம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டிய இடத்தில் வெவ்வேறு ஜோடியின் கம்பிகள் இருப்பதால் முறுக்கின் பயன் போய்விடும். இரண்டு மீட்டரில் ஓடுவது இருபது மீட்டரில் தடுமாறும். டெஸ்டரை நம்பாமல் நிறத்தைப் பாருங்கள்.

மொட்டை மாடி வழியாகவோ பக்கத்து வீட்டுக்கோ தாமிர லேன் கேபிளை இழுக்காதீர்கள். சாதாரண பிவிசி தோல் வெயிலில் வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து இடி. நேரடியாக விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் போர்ட்டை எரித்துவிடும். சித்திரை இடியிலும் ஐப்பசி மழையிலும் லேன் போர்ட் மட்டும் செத்துப்போன ரூட்டர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு வெளிக்கேபிள் இருப்பது வழக்கம். தோட்டத்து அறைக்கோ எதிர்வீட்டுக்கோ போக வேண்டுமானால் ஃபைபரும் இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) தான் பாதுகாப்பு.

ஒயர் போட முடியாதபோது

செலவே இல்லாத வழி, பெட்டியை நகர்த்துவது. ஃபைபர் மெல்லியது, வாசலிலிருந்து ஹால் நடுவுக்கோ படிக்கட்டு அடிக்கோ கொண்டுபோவது தாமிரக் கேபிளைவிடச் சுலபம். இணைப்புக் கொடுக்க வரும் நாளிலேயே கேட்டுவிட்டால் நீளம் விட்டு இழுத்துக் கொடுப்பார். பிறகு கேட்டால் தனி வருகை. ஃபைபரை 3 சென்டிமீட்டருக்குக் குறைவான வளைவில் மடக்காதீர்கள். பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. வைத்த இடம் பரணோ டிவிக்குப் பின்புறமோ இரும்பு பீரோ மேலோ இருக்க வேண்டாம். ஆள் உயரத்தில், திறந்த இடத்தில்.

பிறகு அமைப்புகள். 2.4க்கு அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11ல் கூட்டம் குறைவானது. 5க்கு 80 மெகாஹெர்ட்ஸ், சேனல் 36 அல்லது 149. நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய பகுதி. அங்கே போனால் ரூட்டர் ஒரு நிமிடமாவது கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும், ரேடார் தென்பட்டதாக நினைத்தால் பாதியில் சேனல் மாறி இணைப்பு அறும்.

ரிப்பீட்டர் எனப்படும், சுவர்ப் பிளக்கில் செருகும் பெட்டி கடைசித் தேர்வாக இருக்கட்டும். கேட்டதை அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும். பலர் அதைச் சிக்னல் வராத அறையிலேயே வைக்கிறார்கள்; வராத சிக்னலை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், -60, -65 வரும் இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் பெட்டிகள் இதைவிட நல்லவை, ஆனால் இரண்டு அலைவரிசை மட்டுமுள்ள மெஷ்ஷில் பெட்டிகளுக்கு இடையிலான பேச்சும் உங்கள் போனின் பேச்சும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸைப் பங்கு போட்டுக்கொள்ளும். நடுவே கான்கிரீட் தளம் இருந்தால் மெஷ்ஷும் திணறும். வாடகை வீடு, சுவரைத் தொடக் கூடாது என்றால் மெஷ்ஷே வழி. ஒரு பெட்டி கீழே படிக்கட்டு ஓரம், இன்னொன்று படிக்கட்டு ஏறியதும். படிக்கட்டுத் திறப்பில்தான் தளம் குறுக்கே வராது.

கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் இங்கே நம்பகமில்லை. மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி இன்னொரு ஃபேஸ் என்று பிரிந்திருக்கும். இன்வெர்ட்டர் வேறு நடுவில் நிற்கும்.

சொந்த வீடு என்றால் ஒரே ஒரு கேபிள்

ஒயரும் வைஃபையும் சண்டை போடாத ஏற்பாடு இதுதான்: கீழ்ப் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு கேட்6, அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது ஒயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி. கையில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும், 5 கிகாஹெர்ட்ஸும் கிகாபிட் போர்ட்டும் இருந்தால். மேசைக்கும் டிவிக்கும் ஒயர் வேண்டுமென்றால் அந்த ரூட்டரின் மற்ற போர்ட்டுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ரூட்டரை மாற்றும் முறை: முதலில் அதைத் தனியாக லேப்டாப்பில் செருகி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (கீழ்ப் பெட்டி 192.168.1.1 ஆக இருந்தால், அது வழங்கும் முகவரிகள் 2லிருந்து தொடங்கினால் அங்கே போய் 10லிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள்). சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையான டிஹெச்சிபியை அணையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளது போலவே, சேனல் மட்டும் வேறு. கீழிருந்து வரும் கேபிளை, வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். ரூட்டரில் ‘ஏபி மோட்’ (ஆக்சஸ் பாயிண்ட் மோட்) இருந்தால் இவற்றில் பாதியை அதுவே செய்துகொள்ளும்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்கத் தொடங்கி, சில போனில் நெட் வரும், சிலவற்றில் வராது, மறுநாள் மாறிப்போகும். வேன் போர்ட்டில் செருகினால் நெட் வரும், ஆனால் மாடியில் உள்ள போனிலிருந்து கீழ் டிவியையோ பிரிண்டரையோ பார்க்க முடியாது. ஒரே கேபிளின் இரு முனையையும் தவறி ஒரே பெட்டியில் செருகிவிட்டால் முழு வீட்டு நெட்டும் படுத்துவிடும்; எல்லா விளக்கும் வெறிபிடித்தாற்போல் மின்னினால் முதலில் அதைத் தேடுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் தளம் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக 25 மில்லிமீட்டர் பைப், எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும்படி. ஹாலிலும் மாடி ஹாலிலும் சீலிங்குக்கு ஒரு பைப். இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒயர் இழுக்க ஒரு ஜங்ஷன் பெட்டி. உள்ளே இழுகம்பி விட்டுவையுங்கள். கேபிளை அப்போதே போட வேண்டும் என்றில்லை, பைப் இருந்தால் போதும். பூச்சு வேலை முடியும்வரை இரு வாயையும் அடைத்து வைக்காவிட்டால் சிமென்ட் பால் இறங்கி இறுகிவிடும்.

சீலிங்கில் வைக்கும் ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு பிஓஇ வகை வாங்கினால், கேபிள் வழியாகவே மின்சாரமும் போகும். மாடியில் பிளக் தேட வேண்டாம். 48 வோல்ட் 802.3ஏஎஃப் வகையா, 24 வோல்ட் பழைய வகையா என்று பார்த்து அதற்கேற்ற இன்ஜெக்டரை (கேபிளில் மின்சாரம் ஏற்றும் பெட்டி) மட்டும் செருகுங்கள். மாற்றிச் செருகினால் கருவி எரியலாம். கரண்ட் போகும் ஊர்களில் இதற்கு இன்னொரு லாபம் உண்டு. மெஷ் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பேக்கப் வேண்டும். இதில் கீழே ஓஎன்டியையும் இன்ஜெக்டரையும் ஒரே இன்வெர்ட்டர் பிளக்கில் போட்டுவிட்டால், மாடியில் விளக்கு அணைந்திருக்கும்போதும் அழைப்பு அறாமல் ஓடும்.